ஜவ்வரிசிக் களத்தில் மேகம் பார்த்த கதை

சேலத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. இரண்டாவது காரியம் ஒரு ஸ்கூட்டர்காரரிடம் திட்டு வாங்கியது. நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களின் குடும்பத்தைப் பற்றி அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் உத்தியோகம் அப்படி. மலேசியாவில், ஈப்போ விமான நிலையத்தில் நான் வானிலைப் பார்வையாளர். மணிக்கொரு தடவை வெளியே வந்து, வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம், என்ன வகை, அதன் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மழை வருமா வராதா என்று சொல்வது ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் வேறு ஆட்களின் வேலை. தப்பாகப் போனால் திட்டும் அவர்களுக்கே. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என்னை இங்கே அனுப்பி வைத்தவள் என்னோடு வேலை பார்க்கும் மகேஸ்வரி. வெண்ணந்தூரில் பிறந்து ஈப்போவில் வாழ்க்கைப்பட்டவள். நான் இந்தியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

"புஷ்பா, எந்தங்கச்சி கோமதிக்கு ஒரு ஜவ்வரிசி ஆலை இருக்குது. அவ ஊட்டுக்காரரு போன பொறவு ஒண்டியாக் கெடந்து மல்லுக்கட்டறா. அத உட்டுப்போட்டு நிம்மதியா இருன்னு சொல்லிப்போட்டு வா. நாஞ் சொன்னாச் சண்டை வருது. நீ வெளியாளு, மரியாதைக்காச்சும் கேப்பா."

ஆக, பத்து பாக்கெட் ஈப்போ வெள்ளைக் காப்பித்தூளோடு ஒரு சமாதானத் தூதும் என் பெட்டியில் இருந்தது.

வெண்ணந்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தட்டுவடை செட் தின்றேன். இரண்டு சிறிய தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் இரண்டு வகைச் சட்னியும் வைத்து அப்படியே வாய்க்குள் தள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்ற என்னைக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். மூன்றாவது செட்டில் வித்தை பிடிபட்டது. சட்டையில் விழுந்த சிவப்புச் சட்னிதான் கடைசிவரை போகவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைத்த மறுநிமிடம், நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், "சித்தப் புடிச்சுக்குங்கம்மிணி" என்று சொல்லி என் மடியில் முட்டை அட்டைகளை அடுக்கினார். இது நாமக்கல் பக்கம். முட்டை இல்லாமல் பஸ் கிளம்பாது போலிருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் நானும் முட்டைகளும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம்.

"எந்தூருங்க? என்ன வேலைங்க?" என்றார் முட்டைக்காரர். சொன்னேன்.

"மேகத்தப் பாக்கறதுக்குச் சம்பளமுங்களா?"

"ஆமாங்க."

"மேகமே இல்லாத அன்னிக்கு?"

"இல்லைன்னு சொல்லணும்."

"அதுக்கும் சம்பளந் தருவாங்களா?"

"தருவாங்க."

அவர் என் மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தானே வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளை நம்பி முழுச் சுமையையும் ஒப்படைக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பங்குனி வெயில். வானத்தில் குட்டிக் குட்டியாகத் திரள் மேகங்கள். இந்த மேகம் உண்டாகிற விதம் எந்தச் சமையல்காரருக்கும் புரியும். வெயில் தரையைச் சுட வைக்கும். தரை காற்றைச் சுட வைக்கும். சுட்ட காற்று மேலே கிளம்பும். போகப் போகக் குளிரும். ஒரு உயரத்துக்குப் போனதும் அதற்குள் இருக்கும் ஈரம் இனி ஒளிந்துகொள்ள முடியாமல் துளித் துளியாக வெளியே வரும். அதுதான் மேகம். அந்த உயரம் பக்கத்திலுள்ள எல்லாத் திரள் மேகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அடிப்பக்கம் தோசைக்கல்லில் ஊற்றியதுபோலத் தட்டையாக இருக்கும். மேல்பக்கம் மட்டும் அவரவர் சாமர்த்தியத்துக்குத் தக்கபடி உப்பும். குட்டி மேகங்கள் சாயங்காலம் தரை குளிர்ந்ததும் கரைந்துவிடும். யாருக்கும் தொந்தரவு கிடையாது.

ஆலை ஊருக்கு வெளியே, போதமலை தெரியும் இடத்தில் இருந்தது. கோமதிக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய குரல். "வாங்கக்கா" என்று அவள் சொன்னது ராசிபுரம்வரை கேட்டிருக்கும்.

எங்கள் ஊரில் ஜவ்வரிசி ஒரு மரத்தின் வயிற்றிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் சோற்றைக் கரைத்து மாவு எடுப்பார்கள். இங்கே அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். காயவைக்கும் இடம்தான் களம். சிமெண்ட் தரை, கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. அதன் நடுவே நின்று பத்து நிமிடம் பேசியதில் எனக்குக் கண் கூசித் தலைவலி வந்துவிட்டது. கோமதி வருடக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் தூதை மெதுவாக எடுத்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்.

"அக்கா சொல்லித்தான உட்டிருப்பா. தெரியுமுங்க. நா ஏற்கெனவே ஒரு வாக்குக் குடுத்துப்போட்டேன். போன வருசம் ரெண்டு தடவ களத்துல இருந்தது மழையில நனைஞ்சு, புளிச்சுப்போய், நெறம் மாறிப்போச்சு. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், மச்சாண்டாரு, களத்தக் கேட்டாரு. அவருக்கு லாரி நிறுத்த எடம் வேணும். பெரியவங்க எல்லாத்தையும் கூட்டி வெச்சுப் பேசுனாங்க. நாஞ் சொன்னேன், இந்த சீசன்ல இன்னொருக்கா ஜவ்வரிசி நனைஞ்சுதுன்னா களத்த அவரே எடுத்துக்கட்டும். நனையலீன்னா அப்பறம் யாரும் கேக்கக் கூடாது."

"சீசன் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"சித்திரை பொறக்கற வரைக்கும். கெழங்கு வரத்து நின்னுரும்."

கை விரலில் எண்ணிவிடக் கூடிய நாட்கள். கோடை மழைக்கு மிகவும் பிடித்தமான நாட்களும் அவைதான்.

"விட்டுக் கொடுத்தா என்ன, கோமதி? நிம்மதியா இருக்கலாமே."

"அவரு போனப்பறம் எல்லாரும் என்னய உக்காருன்னுதானக்கா சொன்னாங்க. உக்காந்து என்ன பண்றது? செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதா?"

இன்னொரு தோசை வந்தது. அதை வைத்துச் சமாளித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. வெளியே வந்தால் வானம் முழுக்கச் சாம்பல் போர்வை. போதமலையின் தலையைக் காணோம். களத்து ஓரத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோமதி கையில் ஒரு போன். அதில் மழை என்று போட்டிருந்தது. இன்னொரு போனில் வெயில் என்று போட்டிருந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்று மேல்நோக்கு நாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இத விரிக்கலாமா வேண்டாமா?"

இருப்பதைச் சொல்வதுதான் என் வேலை என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வெளிநாட்டில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வாய் அல்லவா.

அது படை மேகம். பனிமூட்டம் தரையில் படுக்காமல் கொஞ்சம் எழுந்து நின்றால் அதுதான் படை மேகம். ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, அதை ஒட்டி நகரும் ஈரக் காற்றும் குளிர்ந்து, உயரம் போகச் சோம்பல்பட்டு அங்கேயே பரவிக் கிடக்கும். பார்க்க ஊரையே முக்கிவிடப் போகிற மாதிரி இருக்கும். அதனால் முடிந்ததெல்லாம் நாலு தூறல். வெயில் ஏறித் தரை சுட்டால் கிழிந்துபோகும்.

"காலைச் சாப்பாடு முடியறதுக்குள்ள விலகிடும். விரிங்க" என்றேன்.

அப்போதுதான் புல்லட்டில் பொன்னுசாமி வந்து இறங்கினார். கோமதியின் மச்சாண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வானத்தைப் பார்த்து ஒரு திருப்தி. இந்தப் பக்கத்தில் மச்சாண்டாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை. இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"மழை வருமாட்ட இருக்குதே, விரிக்கறாங்களான்னு கேளுங்க" என்றார் அவர்.

"மழை வராதுன்னு அக்கா சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்டது. மலேசியாவிலிருந்து வந்த சுவர் மாதிரி நடுவில் நின்றேன்.

இட்லி இறங்குவதற்குள் போர்வை கிழிந்தது. நீலம் தெரிந்தது. களம் பளீரென்றது. பொன்னுசாமி வானத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் நடக்கப்போவதை நான் முன்னால் சொன்னதும் இல்லை, அதற்காக யாரும் என்னை இப்படிப் பார்த்ததும் இல்லை.

மத்தியானம் பொன்னுசாமி ஒரு காலி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, நாமக்கல்லைப் பார்க்காமல் போகக் கூடாது என்றார். தன் கட்சிக்கு ஆள் பிடிக்கிறார் என்று தெரிந்தேதான் ஏறினேன். லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்தால் உலகமே கொஞ்சம் தாழ்ந்து போகிறது. ஸ்கூட்டரில் போகிறவர்களின் மொட்டைத் தலைகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சியே செய்யலாம்.

ஒரு மெஸ்ஸில் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிக் கொடுத்தார். கோழியைவிட மிளகாய் அதிகம், மிளகாயைவிடத் தேங்காய்ச் சில்லு அதிகம். மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட வேண்டும் என்பதை நான் பாதியில்தான் தெரிந்துகொண்டேன். மோர் மூன்று டம்ளர் போனது.

திரும்பி வரும்போது டயர் வெடித்தது. டிரைவர் கீழே இறங்கி ஜாக்கியோடு சண்டை போட, நானும் பொன்னுசாமியும் ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் இரண்டு வடநாட்டு டிரைவர்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "இந்த ஊருல டீ நல்லா இருக்குது, நெழல்தான் இல்லைன்னு சொல்றானுங்க" என்றார் பொன்னுசாமி. அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"என்னயக் கெட்டவன்னு நெனைக்காதீங்கம்மிணி. எனக்கு வண்டி நிறுத்த எடமில்லீங்க. ரோட்டோரமாத்தான் நிறுத்தறேன். தை மாசம், நின்னுக்கிட்டிருந்த வண்டி மேல இருட்டுல ஒருத்தன் பைக்குல வந்து மோதிக் காலு போயிருச்சுங்க. தப்பு அவனுதுதான்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தூக்கமில்லீங்க. அந்தக் களத்துல நிறுத்துனா யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

தூது வந்தவளுக்கு இது நல்ல சந்தர்ப்பம். கோமதியிடம் பேசுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த மனிதர் சொல்வதும் நியாயமாக இருந்தது, அவள் சொல்வதும் நியாயமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக் கூடிய நாகரிகமான காரியம் வானத்தைப் பார்ப்பதுதான்.

மேற்கே திரள் மேகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகப் பரவியிருந்தன. கையை நீட்டி முஷ்டியை உயர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு திட்டும் முஷ்டி அளவு. படைத்திரள் மேகம். கிளம்பிய காற்று மேலே ஏறப் பார்க்கும். அங்கே அதைவிடச் சூடான காற்று ஒரு மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். ஏற முடியாமல் பக்கவாட்டில் பரவும். நிறைய அலட்டல், மழை இல்லை.

"யாரையுங்க குத்தப் போறீங்க?" என்றார் பொன்னுசாமி, என் முஷ்டியைப் பார்த்து.

"மேகத்த அளக்கறேன்."

"அளந்து?"

"இதுவும் பெய்யாது."

அவர் டீ கிளாசை வைத்துவிட்டு டயரைப் பார்க்கப் போனார். ராத்திரி மகேஸ்வரி போன் செய்தாள். பேசிவிட்டாயா என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் என் புகழ் என்னைவிட முன்னால் எழுந்து ஊரைச் சுற்றி வந்திருந்தது. காலையில் ஒரு நெசவாளர் வந்தார். தெருவில் நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போட வேண்டுமாம்; மழை வந்தால் எல்லாம் பாழ். போடலாம் என்றேன். செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். கல் அறுக்கலாம் என்றேன். ஒரு அம்மா மகளின் கல்யாணத்துக்கு வைகாசியில் எந்தத் தேதி நல்லது என்று கேட்டார். அதற்கும் ஒரு தேதி சொல்லத் துணிந்துவிட்டேன்; கோமதி இழுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போதமலைக்கு மேலே ஒரு திரள் மேகம் தெரிந்தது. பூக்கோசு மாதிரி, ஓரமெல்லாம் கத்தரித்தது போல் தெளிவாக. கோமதி கேட்டாள்: "அக்கா, வழக்கமா மத்தியானத்துக்கு மேல பின்பக்கக் களத்துல புதுசா விரிக்க மாட்டேன். இருக்கற தார்ப்பாய் முன்பக்கத்துக்கு மட்டுந்தான் பத்தும். இன்னிக்கு வறுத்தது மிச்சங் கெடக்குது. விரிக்கட்டுங்களா?"

நான் பூக்கோசைப் பார்த்தேன். சின்னது. எங்கள் ஊரில் இந்த அளவு மேகத்துக்கு நாங்கள் குடைகூட எடுப்பதில்லை.

"விரி. இது குட்டி. சாயங்காலம் கரைஞ்சிடும்."

பின்பக்கக் களமும் வெள்ளையானது. நான் கயிற்றுக் கட்டிலில் படுத்து வெள்ளரிப் பிஞ்சு தின்றபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மலையின் ஒரு முழுப் பக்கம் இருண்டது. மேகத்தின் நிழல். அந்தக் குட்டி மேகத்துக்கு அத்தனை பெரிய நிழல் எப்படி என்று யோசித்தபோதுதான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

ஈப்போவில் காற்று எப்போதும் ஈரத்துணி. கொஞ்சம் மேலே போனாலே மேகமாகிவிடும். அதனால் திரள் மேகத்தின் அடிப்பக்கம் எங்கள் குன்றுகளை ஒட்டியே தொங்கும். அந்த உயரத்தை வைத்தே என் கண் மேகத்தின் பருமனை எடை போட்டுப் பழகியிருக்கிறது. சேலத்துக் காற்று காய்ந்த காற்று. மேகமாவதற்கு அது வெகுதூரம் ஏற வேண்டும். இந்த மேகத்தின் அடிப்பக்கம் போதமலையின் தலைக்கு மேலே இன்னொரு போதமலை உயரத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கும் சின்னது என்று நான் நினைத்தது, தூரத்தில் இருக்கும் பூதம். ஈரமான ஊர்க்காரி ஒருத்தியால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

அண்ணாந்து பார்த்தேன். மேல்பக்கத்தின் தெளிவான ஓரங்கள் குழைந்து, நார் நாராக விரிந்துகொண்டிருந்தன. உச்சியில் துளிகள் பனிக்கட்டியாகின்றன என்று அர்த்தம். மூடியை உடைத்துக்கொண்டு ஏறிவிட்டது. இனி அது திரள் மேகம் இல்லை, கார்திரள் மேகம். இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் அதன் சொத்து.

"கோமதி, வாரு. எல்லாத்தையும் வாரு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கத்தினாள். ஆட்கள் பலகைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பரந்து கிடப்பதைப் பலகையால் தள்ளிக் குவித்து, குவியலுக்கு மேல் தார்ப்பாய் போட வேண்டும். நானும் ஒரு பலகையைப் பிடித்தேன். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர் வானத்தைப் பார்த்து அவர் மொழியில் ஏதோ முனகினார். கோமதி ஓடிக்கொண்டே சொன்னாள், "பசியோட வருதுங்கறான்."

முதலில் குளிர்ந்த காற்று வந்தது. மேகத்துக்குள் விழும் மழை தன்னோடு காற்றையும் இழுத்துக் கீழே தள்ளும். அது தரையில் மோதி முன்னால் ஓடி வரும். புழுதி எழுந்தது. முன்பக்கக் களத்தை மூடிவிட்டார்கள். பின்பக்கம் குவியல் குவியலாக வெறுமனே கிடந்தது. தார்ப்பாய் இல்லை. கோமதி தலைத்துண்டை அவிழ்த்து ஒரு குவியலின் மேல் போட்டாள். ஒரு மலையை மூட ஒரு துண்டு. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பொன்னுசாமியின் லாரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. வானம் கறுத்ததைப் பார்த்து வந்திருக்கிறார். களம் நனைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்று பிறகு அவரே சொன்னார், கூச்சமே இல்லாமல்.

இறங்கினார். குவியல்களைப் பார்த்தார். முதல் சொட்டு அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. எனக்குத் தெரிந்து அவர் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. களத்தில் காய்கிற பண்டத்தின் மேல் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க இந்தப் பக்கத்துக் குடியானவர்களின் கைகால்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டியபடியே டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"எறங்குடா. வண்டித் தார்ப்பாயத் தள்ளு. என்னடா வேடிக்கை?"

லாரியின் மேலிருந்து தார்ப்பாய் உருண்டு விழுந்தது. லாரித் தார்ப்பாய் என்றால் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம். அவர் ஒரு முனை, டிரைவர் ஒரு முனை, பின்பக்கத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"அந்த மூலையப் புடி கோமதி. காலுல மிதி. மிதிச்சுக்கிட்டு நில்லு."

அவர் தம்பி பெண்டாட்டியை நேராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவளும், "புடிச்சுட்டனுங்க, நீங்க அக்கட்டால இழுங்க" என்று பதிலுக்குக் கத்தினாள். நான் நடுவில் சுவராக நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரு ஓரத்தின் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டேன். என் உடம்பின் எடை முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

பெய்தது. மழை என்று சொல்வதே மரியாதைக் குறைவு. என் முதுகில் ஆலங்கட்டிகள் தாளம் போட்டன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து வெயில் வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த தோட்டத்தில் ஒரு சொட்டு இல்லை. கார்திரள் மேகத்துக்குப் பெய்யும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அத்தனை நுணுக்கம்.

தார்ப்பாய்களைத் தூக்கிப் பார்த்தோம். முன்பக்கம் காய்ந்திருந்தது. பின்பக்கம் காய்ந்திருந்தது. கடைசி மூலையில், லாரித் தார்ப்பாயின் அடியில், ஒரு குவியலின் உச்சி மட்டும் நனைந்து மணிகள் கூழாகியிருந்தன. ஒரு முறம் அளவு இருக்கும்.

நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கோமதி குனிந்து அந்த ஈரத்தைக் கையில் அள்ளினாள். எல்லா ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அக்கா, அவருகிட்டச் சொல்லுங்க. நனைஞ்சிருச்சு. சொன்னது சொன்னதுதான்."

விரி என்று சொன்னவள் நான். அவளுடைய ஆலையை என் வாயால் முடித்துவைத்துவிட்டேன் என்று நினைத்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொன்னுசாமி சொட்டச் சொட்ட நின்றார். தான் இவ்வளவு நேரம் எதை மூடிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அங்கே எத்தனை லாரி நிற்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

பிறகு தார்ப்பாயை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அதில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் அவர் மூக்கின் மேல் விழுந்தது.

"அவியகிட்டச் சொல்லுங்கம்மிணி" என்றார், என்னைப் பார்த்து. "இது மழையில நனைஞ்சது இல்லீங்க. என்ற தார்ப்பாய்ல ஓட்டை. ஓட்டைத் தார்ப்பாயக் கொண்டாந்து போட்டது என்ற தப்பு. அதுக்கு அவியளா பொறுப்பு?"

கோமதி கையில் இருந்த ஈரத்தோடு அப்படியே நின்றாள். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்தார். தார்ப்பாயைச் சுருட்டப் போன ஆட்களை வேண்டாம் என்று கையாட்டினார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"சீசன் முடியற மட்டும் அது இங்கியே கெடக்கட்டும். ஓட்டைய மட்டும் தெச்சுக்கச் சொல்லுங்க."